கழிவுநீரிலிருந்து கரண்ட்: ஒரு நூற்றாண்டின் வரவு செலவு



சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றி வந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணாடிக் குடுவையில் கலங்கலான சாக்கடைத் தண்ணீர். அதற்குள் இரண்டு கருப்புத் தகடுகள். தகடுகளை இணைக்கும் கம்பியில் ஒரு குட்டி விளக்கு எரிகிறது. "பாக்டீரியா தயாரிக்கும் மின்சாரம், இனி கரண்ட் பில் கிடையாது" என்று கீழே எழுதியிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் நாற்பது பதில்கள் வந்துவிட்டன. "நம்ம எஸ்.டி.பி.க்குத் தினமும் இவ்வளவு கழிவுநீர் வருதே, நாம ஏன் செய்யக் கூடாது?" என்று ஒருவர் கேட்டார். "எல்லாம் சுத்த ஏமாற்று" என்றார் இன்னொருவர். கமிட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற வழக்கமான கேள்வியும் வந்தது.

நான் படித்தது பி.காம். விஞ்ஞானம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்த பழக்கம், எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்க வைக்கிறது. அதனால் இந்த விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு தெரிந்தது: அந்த வீடியோ பொய் இல்லை. அதன் கீழே எழுதியிருந்ததுதான் பொய். இரண்டுக்கும் நடுவில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் நம் எஸ்.டி.பி.க்கும் ஓர் இடம் உண்டு.

அழுகிய கிழங்கிலிருந்து ஒரு கேள்வி

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரம். அங்கே அப்போது டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி இருந்தது. தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் மைக்கேல் கிரெசே பாட்டர். டர்னிப் என்ற கிழங்கை அழுக வைக்கும் பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ந்தவர். பொருள் அழுகும்போது உள்ளே வேதிமாற்றம் நடக்கிறது. வேதிமாற்றம் நடக்கும் இடத்தில் மின்சாரமும் பிறக்கலாம் என்பது வோல்ட்டா 1800-இல் தன் மின்கலத்தை அறிவித்த நாளிலிருந்தே உலகத்துக்குத் தெரியும். அப்படியானால் அழுகும்போதும் மின்சாரம் பிறக்குமா? இதுதான் பாட்டருடைய கேள்வி.

அவர் செய்த சோதனை எளிமையானது. ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் நுண்துளைகள் உள்ள ஒரு உருளை. ஒரு பக்கம் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட். மறுபக்கம் ஈஸ்ட் போடாத அதே கரைசல். இரண்டு பக்கமும் பிளாட்டினத் துண்டு ஒவ்வொன்று. கம்பியால் இணைத்து அளந்தபோது மின்னழுத்தம் இருந்தது: சுமார் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை. ஈஸ்டுக்குப் பதிலாக, நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்தும் பார்த்தார். அதுவும் மின்சாரம் கொடுத்தது. வெப்பநிலை, சர்க்கரையின் அளவு, நுண்ணுயிர்களின் எண்ணிக்கை இவற்றைப் பொறுத்து அது கூடியது, குறைந்தது. ஆறு கலங்களைச் சேர்த்து அவர் பெற்ற அதிகபட்ச மின்னோட்டம் 1.25 மில்லிஆம்பியர். 1911-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதை வெளியிட்டார்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சிறு துளி மின்சாரத்தை வைத்து என்ன செய்வது என்று நினைத்திருப்பார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது.

அதே பாக்டீரியா, வேறு வேலை

பாட்டர் கட்டுரை வெளியிட்ட மூன்றாவது ஆண்டில், அதே வட இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இன்னொரு சோதனை முடிந்தது. அங்கே டேவிஹூல்ம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் பாட்டிலில் சாக்கடை நீரை ஊற்றி அதற்குள் காற்றைச் செலுத்தினார்கள். முதல் தடவை நீர் நன்றாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆயிற்று. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடியும் காற்றடித்தார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததில் ஐந்து வாரம் ஒரு நாளுக்குள் சுருங்கிவிட்டது. நம் வீட்டில் பழைய மோர் ஊற்றிப் புதுப் பாலை உறைய வைப்பதுபோல, கசடில் பெருகியிருந்த பாக்டீரியாக்கள் புது நீரை வேகமாகச் சுத்தம் செய்தன. 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரு கூட்டத்தில் இதை அறிவித்தார்கள். அதுதான் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை.

இந்தச் சோதனையைத் தூண்டிவிட்டவர் கில்பர்ட் ஃபவுலர் என்ற வேதியியல் அறிஞர். அவர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து பல ஆண்டுகள் இங்கே பணியாற்றினார் என்பது நமக்குக் கூடுதல் செய்தி.

நம் குடியிருப்பின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு அப்பால், இரவு பகலாக 'உர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கும் புளோயர் செய்வது அந்த மான்செஸ்டர் வேலையைத்தான். தொட்டியில் உள்ள பாக்டீரியாக்களுக்குக் காற்று ஊட்டுகிறது. பெயரும் வடிவமும் மாறியிருக்கலாம். அடிப்படை அதேதான்.

பாட்டர் கண்டதற்கும் மான்செஸ்டரில் கண்டதற்கும் என்ன சம்பந்தம்? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பேரேடு உதவியது. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியே ஆகவேண்டும். பாக்டீரியாவும் அப்படித்தான். அது கழிவில் உள்ள சர்க்கரை, மாவு, கொழுப்பு இவற்றைத் தின்னும்போது அவற்றிலிருந்து எலக்ட்ரான்களை உருவி எடுக்கிறது. எடுத்த எலக்ட்ரானை யாரிடமாவது ஒப்படைத்தால்தான் அதன் வேலை மேற்கொண்டு நடக்கும். காற்று இருந்தால் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும். நாம் சுவாசிப்பதும் இதற்காகத்தான்.

காற்று இல்லாத இடத்தில் அந்த எலக்ட்ரானை ஒரு தகடு வாங்கிக்கொண்டு, கம்பி வழியாக இன்னொரு தகட்டுக்கு அனுப்பி, அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் ஒப்படைத்தால்? எலக்ட்ரான் கம்பியில் ஓடுவதுதானே மின்சாரம். வீடியோவில் விளக்கு எரிந்தது இப்படித்தான். இதற்கு நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்று பெயர்.

ஆக, கழிவில் இருக்கும் எலக்ட்ரானைக் கம்பியில் ஓடவிட்டால் நமக்கு மின்சார வரவு. தொட்டிக்குள்ளேயே நேராக ஆக்சிஜனிடம் கொடுக்க வைத்தால், அந்த ஆக்சிஜனை உள்ளே தள்ள நமக்கு மின்சாரச் செலவு. உலகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஊரெல்லாம் காலராவும் டைபாய்டும் பரவிய காலத்தின் பின்னணியில், ஆற்றில் விடும் நீர் உறுதியாகச் சுத்தமாக வேண்டும் என்பதுதான் முதல் தேவை. மான்செஸ்டர் முறை அதைச் செய்து காட்டியது. பாட்டரின் குடுவை செய்யவில்லை.

35 வோல்ட்டும் விண்வெளியும்

பாட்டருக்கு இருபது ஆண்டு கழித்து, 1931-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்னெட் கோஹன் இதே வேலையை மறுபடி எடுத்தார். பல பாக்டீரியாக் கலங்களை வரிசையாக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் கொண்டுவந்தார். கேட்க பிரமாதமாக இருக்கிறது. ஆனால் மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர்தான். இரண்டையும் பெருக்கினால் 0.07 வாட். நம் வராந்தாவில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு அதுபோல் கிட்டத்தட்ட 130 அமைப்புகள் வேண்டும். வீடியோக்களில் வோல்ட்டை மட்டும் காட்டுவார்கள், ஆம்பியரைக் காட்ட மாட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960-களில் விண்வெளிப் பயணம் வந்தபோது மீண்டும் ஆர்வம் எழுந்தது. விண்கலத்தில் மனிதக் கழிவைக் கொட்ட இடமில்லை, மின்சாரமோ அவசியம். கழிவிலிருந்தே மின்சாரம் எடுக்க முடியுமா என்று அமெரிக்க விண்வெளித் துறை ஆராய்ந்தது. ஆனால் 1958-லேயே வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் சூரிய மின்தகடு வேலை செய்து காட்டிவிட்டது. 1965-இல் ஜெமினி 5 கலத்தில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு இயங்கும் எரிபொருள் கலம் பறந்தது. பாக்டீரியாவுக்கு விண்வெளியில் வேலை கிடைக்கவில்லை.

1980-களில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பீட்டர் பென்னெட்டோ இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பள்ளி மாணவர்களும் செய்து பார்க்கும் அளவுக்கு எளிய கலங்களை உருவாக்கினார். ஆனால் அவர் காலம் வரை ஒரு பெரிய தடை நீங்கவில்லை. பாக்டீரியாவின் உடலைச் சுற்றி மின்சாரம் கடத்தாத உறை இருக்கிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான் தானாக வெளியே வந்து தகட்டில் ஏறாது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். அதனால் சில சாயப் பொருட்களைத் தண்ணீரில் கலந்தார்கள். சாயம் பாக்டீரியாவுக்குள் போய் எலக்ட்ரானை எடுத்துவந்து தகட்டில் இறக்கும். சொல்லப்போனால் ஒரு தரகர். இந்தத் தரகருக்குச் செலவு உண்டு, பல சாயங்களில் நச்சும் உண்டு. சாக்கடை நீரைச் சுத்தம் செய்ய வந்த இடத்தில் அதில் சாயத்தைக் கலந்துவிட முடியுமா? அங்கேயே நின்றது கதை.

சேற்றில் கிடைத்த விடை

விடை மின்சாரத்தைத் தேடியவர்களிடமிருந்து வரவில்லை. ஆற்றுச் சேற்றையும் ஏரிச் சேற்றையும் ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது.

வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றின் அடிச்சேற்றிலிருந்து டெரெக் லவ்லி என்ற ஆய்வாளர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1987-இல் அதைப் பற்றி வெளியிட்டார். காற்றில்லாத சேற்றில் அது தன் எலக்ட்ரானை இரும்புத் துருவிடம் ஒப்படைத்து வாழ்கிறது. பின்னாளில் ஜியோபாக்டர் என்று பெயர் பெற்ற குடும்பம் இது. அடுத்த ஆண்டே கென்னத் நீல்சன், சார்ல்ஸ் மையர்ஸ் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரிச் சேற்றிலிருந்து மாங்கனீசிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும் இன்னொரு பாக்டீரியாவைக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் ஷெவனெல்லா.

துருவும் மாங்கனீசு ஆக்சைடும் தண்ணீரில் கரையாத திடப் பொருட்கள். பாக்டீரியா அவற்றை விழுங்க முடியாது. வெளியே இருக்கும் கட்டியிடம் எலக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அதன் உடம்பிலேயே இருந்தாக வேண்டும். அப்படியானால் தரகர் எதற்கு? துரு இருக்கும் இடத்தில் தகட்டை வைத்தால் போதுமே. 1999-இல் கொரியாவில் கிம் பியுங் ஹாங்கின் குழு ஷெவனெல்லாவை வைத்து, சாயம் எதுவும் கலக்காமல் மின்சாரம் எடுத்துக் காட்டியது. 2002-இல் லவ்லியின் குழு கடலடிச் சேற்றில் புதைத்த தகட்டின்மேல் ஜியோபாக்டர் இனத்தைச் சேர்ந்தவை தாமாகவே வந்து குடியேறுவதைக் காட்டியது.

இந்த வகை பாக்டீரியாவை விலைக்கு வாங்கவும் வேண்டாம். சாக்கடை நீரில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. தகட்டை வைத்துக் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டால் அவை தகட்டில் ஒட்டிப் பெருகும்.

2004: உண்மையான கழிவுநீர், உண்மையான கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் 2004-இல் செய்த சோதனை இந்தக் கதையில் முக்கியமானது. சர்க்கரைக் கரைசல் இல்லை, வீடுகளிலிருந்து வந்த கழிவுநீரையே எடுத்தார்கள். ஒரு சிறிய உருளைக்குள் எட்டு கிராஃபைட் கம்பிகள். நடுவில் காற்றுப் படும் ஒரு குழாய்த் தகடு. கழிவுநீர் உள்ளே போய் வெளியே வந்தது. அதிலிருந்த கரிம மாசில் 80 சதவீதம் வரை குறைந்தது. கூடவே மின்சாரமும் வந்தது: தகட்டின் ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 26 மில்லிவாட். எடுக்கப்பட்ட மாசிலிருந்த எலக்ட்ரான்களில் 12 சதவீதத்துக்கும் குறைவானவையே கம்பிக்கு வந்து சேர்ந்தன. மீதியை வேறு வழியில் பாக்டீரியாக்கள் செலவழித்துவிட்டன.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்ற அரசு அளவுகோலின்படி நாளொன்றுக்கு 1,08,000 லிட்டர். அது முழுவதும் கழிவுநீராகிறது என்றும், லிட்டருக்கு அரை கிராம் அளவு கரிம மாசு (எஸ்.டி.பி. அறிக்கையில் சி.ஓ.டி. என்று வரும் எண்) இருக்கிறது என்றும் கொண்டால், நாளுக்கு 54 கிலோ. ஒரு கிலோவில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 14 மெகாஜூல். பெருக்கி யூனிட்டாக மாற்றினால் ஏறக்குறைய 210 யூனிட்.

அடடா, தினமும் 210 யூனிட்டா என்று தோன்றும். வீடியோ போடுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். 80 சதவீத மாசு நீங்கினால் 168 யூனிட். அதில் 12 சதவீதம் கம்பிக்கு வந்தால் 20 யூனிட். கொள்கைப்படி ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் கிடைக்க வேண்டிய மின்னழுத்தத்தில் நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் நிற்பது ஆறு அல்லது ஏழு யூனிட். ஒரே ஒரு வீட்டில் ஏ.சி. ஓர் இரவு ஓடினால் தீர்ந்துபோகும் மின்சாரம். அதையும் சதுர மீட்டருக்கு 26 மில்லிவாட் கணக்கில் எடுக்க வேண்டுமானால் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் தகடு வேண்டும். அதாவது இரண்டரை ஏக்கர்.

இருபது ஆண்டு பழைய கணக்கை வைத்துப் பேசுகிறேனே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன்பின் நிறைய முன்னேற்றம் நடந்திருக்கிறது. கம்பிக்குப் பதில் பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற கார்பன் நார்த் தகடுகள் வந்தன, சின்ன இடத்தில் பெரிய பரப்பு கிடைத்தது. விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாக மலிவான ஆக்டிவேட்டட் கார்பன் வந்தது. ஆய்வகத்தில் மின்சாரம் பல மடங்கு கூடியது. ஆனால் அந்தப் பெரிய எண்கள் பெரும்பாலும் சிறிய கலத்தில், பாக்டீரியாவுக்குப் பிடித்த உணவை ஊட்டி, உப்பைக் கூட்டி எடுத்தவை. கலத்தைப் பெரிதாக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் அடுத்த பகுதி.

ஆலைக்குப் போனபோது

2007-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம், யடாலா என்ற இடத்தில் உள்ள ஃபாஸ்டர்ஸ் மதுபான ஆலையில் இதைப் பெரிய அளவில் முயன்றது. பீர் ஆலைக் கழிவுநீரில் சர்க்கரை, மாவு எல்லாம் உண்டு. பாக்டீரியாவுக்கு விருந்து. மூன்று மீட்டர் உயரக் குழாய்கள் நிறுத்தப்பட்டன. 2 கிலோவாட் எதிர்பார்ப்பதாக அறிவிப்பு வந்தது. ஆனால் எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை. கழிவுநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தவில்லை. இரண்டாவது தகட்டின்மேல் வேண்டாத பாக்டீரியாப் படலம் வளர்ந்தது.

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒரு திராட்சை மது ஆலையில் லோகன் குழுவினர் 1,000 லிட்டர் தொட்டி வைத்தார்கள். 2011-இல் அதன் முடிவு வெளியானது. அங்கே நோக்கம் மின்சாரம் இல்லை. சிறிது மின்சாரம் கொடுத்து, பாக்டீரியாவின் உதவியோடு ஹைட்ரஜன் எடுப்பது. கிடைத்தது பெரும்பாலும் மீத்தேன். ஹைட்ரஜனைத் தொட்டியிலிருந்த வேறு நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனாக்கிவிட்டன.

இந்த முடிவுகளை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காகவே எனக்கு அவர்கள்மேல் மரியாதை. நஷ்டக் கணக்கையும் எழுதி வைப்பவரை நம்பலாம்.

சிறியதில் கிடைத்த வெற்றி

தோல்வி மட்டுமே கதை என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வேலைகளில் இது நன்றாகவே உழைத்திருக்கிறது.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் வானிலை அளக்கும் ஒரு மிதவையை, ஆற்றுச் சேற்றில் புதைத்த தகடுகளிலிருந்து கிடைத்த மின்சாரத்தைக் கொண்டே இயக்கிக் காட்டினார்கள். 2008-இல் அது பதிவானது. கிடைத்தது சில பத்து மில்லிவாட்தான், ஆனால் அந்த மிதவைக்கு அது போதும். பேட்டரி மாற்ற யாரும் படகில் போக வேண்டியதில்லை. எந்த ஆறு தெரியுமா? லவ்லிக்குத் தன் பாக்டீரியா கிடைத்த அதே பொட்டோமாக்.

கொரியக் குழு இந்தக் கலத்தை அளவைக் கருவியாக மாற்றியது. நீரில் மாசு கூடினால் மின்சாரம் கூடும், குறைந்தால் குறையும். நம் எஸ்.டி.பி. அறிக்கையில் பி.ஓ.டி. என்று ஒரு எண் வருமே, அதை ஆய்வகத்தில் பார்க்க நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கருவியோ ஓடும் நீரிலேயே உடனுக்குடன் மாசின் போக்கைச் சொல்லிவிடும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் யோவானிஸ் இயெரோபூலோஸ் குழுவினர் 2013-இல் சிறுநீரால் இயங்கும் கலங்களைக் கொண்டு கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றினார்கள். 2015-இல் ஆக்ஸ்ஃபாம் அமைப்போடு சேர்ந்து, அந்த மின்சாரத்தால் விளக்கெரியும் ஒரு சிறுநீர் கழிப்பிடத்தைப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைத்தார்கள். அகதி முகாம்களில் இரவில் கழிப்பிடத்துக்குப் போகும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது நோக்கம். 2017-இல் உகாண்டாவின் கிசோரோவில் ஒரு பெண்கள் பள்ளியில் அது நிறுவப்பட்டது. நமக்கு ஒரு பல்பு அற்பம். கம்பியே போகாத ஊரில், இருட்டில் கழிப்பிடம் போக பயப்படும் ஒரு சிறுமிக்கு அது அற்பமில்லை.

நம் நாட்டிலும் ஹைதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்தில் வெங்கட மோகன், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மகரந்த் கங்ரேகர் போன்றோர் இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

கழிவுநீரிலிருந்து மின்சாரம் என்பது வேறொரு வழியில் சென்னைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. மெட்ரோ வாட்டரின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கசடைக் காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் நொதிக்க வைத்து, கிளம்பும் மீத்தேன் வாயுவால் இன்ஜின் ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே கொடுங்கையூரில் ஒரு நிலையம் மட்டுமே நாளொன்றுக்கு 11 கோடி லிட்டருக்காகக் கட்டப்பட்டது. நமது ஒரு லட்சம் லிட்டர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஊர் அளவில் கட்டுப்படியாகும் எல்லாமே ஒரு குடியிருப்பு அளவில் கட்டுப்படியாகாது.

ஆகவே, "இனி கரண்ட் பில் இல்லை" என்று சொல்லி யாராவது நம் சங்கத்துக்கு மதிப்பீடு கொண்டுவந்தால், கமிட்டி அவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வோல்ட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு மாதத்தில் மீட்டரில் எத்தனை யூனிட் ஏறியது என்று கேளுங்கள். அது சர்க்கரைத் தண்ணீரா, வீட்டுக் கழிவுநீரா என்று கேளுங்கள். எத்தனை லிட்டர் தொட்டியில், எத்தனை மாதம் ஓடியது, தகட்டை எப்போது மாற்றினார்கள், எங்கே போய் நேரில் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவர் வந்தால் நல்லது. அதுவரை கார்ப்பஸ் நிதியைத் தொட வேண்டாம்.

இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான ஆதாயம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். மான்செஸ்டர் முறையில் இயங்கும் நிலையங்களில் ஆகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி காற்றடிப்பதற்கே போகிறது. தகட்டின் வழியாக எலக்ட்ரான் போய்விட்டால் காற்றடிக்கும் தேவை குறையும். கசடும் குறைவாகச் சேரும். கிடைக்கும் ஏழு யூனிட்டைவிட, செலவாகாமல் மிஞ்சும் யூனிட் பெரிது. ஆராய்ச்சியாளர்கள் பலர் இன்று இந்தக் கண்ணோட்டத்தில்தான் உழைக்கிறார்கள். வரவைப் பெருக்குவதைவிடச் செலவைக் குறைப்பது சுலபம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

அந்தச் செலவைக் குறைக்க நாம் தகடுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் தொட்டியில் ஏற்கெனவே கோடானுகோடி பாக்டீரியாக்கள் சம்பளம் இல்லாமல் உழைக்கின்றன. பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அளவில்லாமல் கொட்டினால் அவை செத்துப்போகும். வடைசட்டி எண்ணெயை சிங்க்கில் ஊற்றினால் அது குழாயில் அடைவதோடு தொட்டியில் படலமாக மிதந்து வேலையைக் கெடுக்கும். பாக்டீரியா செத்த தொட்டி மறுபடி நிலைக்கு வர நாட்கள் ஆகும். அத்தனை நாளும் புளோயர் ஓடும், மின்சாரம் ஆகும், நீர் மட்டும் சுத்தமாகாது. அந்த நீர்தான் நம் செடிகளுக்கும் ஃப்ளஷ் தொட்டிகளுக்கும் போகிறது. அந்தச் செலவும் நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விழுகிறது.

பாட்டர் தன் கட்டுரையை வெளியிட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் அளந்தது சரிதான். அது நமக்குப் பயன்படும் அளவுக்கு வளர இன்னும் சில ஆண்டு ஆகலாம். ஆகட்டும். என் பேரன் காலத்தில் நம் எஸ்.டி.பி. அறையில் புளோயர் சத்தம் கேட்காமல் போனால் அப்போது இந்த இதழில் யாராவது எழுதட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்.டி.பி. ஆபரேட்டர் தம்பி இருக்கும்போது ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஏரேஷன் தொட்டியில் குமிழி விடும் அந்தப் பழுப்பு நீரைக் காட்டி, பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் கிடைக்கும் என்று ஒருவர் 1911-லேயே காட்டினார் என்று சொல்லுங்கள். அடுத்த நாளிலிருந்து சிங்க்கில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.